ட்ரக்கோமா நீக்கம்: பல நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி?

ஒரு குழந்தையின் மேல் இமையை மெதுவாகப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினால், உட்பக்கத் தோல் இளஞ்சிவப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அதன் ஆழத்தில் நூலிழை போன்ற இரத்தக் குழாய்கள் தெரியும். ட்ரக்கோமா பிடித்த இமையில் இதே இடத்தில் வெளிறிய சின்னச் சின்ன மணிகள் எழும்பியிருக்கும். குறைந்தது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள மணிகள் ஐந்து இருந்தால் நோய் என்று பதிவாகும். நான்குதான் இருந்தால் பதிவாகாது. எத்தியோப்பியாவானாலும் சாலமன் தீவுகளானாலும் இதே ஐந்து, இதே அரை மில்லிமீட்டர்தான். 1987இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எளிய தரப்படுத்தல் முறை இது. நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்வது எதில் தொடங்குகிறது என்று கேட்டால், இந்த ஐந்து மணிகளில்தான் தொடங்குகிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. பிள்ளைகளின் கண்ணீரிலும் மூக்குச்சளியிலும் இருக்கும் கிருமி விரல், துணி, ஈ ஆகியவற்றின் வழியாக அடுத்த முகத்துக்குப் போகிறது. ஒருமுறை தொற்றினால் பார்வை போவதில்லை. சிறு வயதில் திரும்பத் திரும்பத் தொற்றி, ஒவ்வொரு முறையும் இமையின் உட்புறம் அழன்று ஆறி, கடைசியில் தழும்பேறிச் சுருங்குகிறது. சுருங்கிய இமை உள்நோக்கி மடிய, இமைமுடிகள் கருவிழியில் உரச ஆரம்பிக்கின்றன. கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் முடி கருவிழியைக் கீறுகிறது. இந்த நிலையைக் களத்தில் டி.டி. என்பார்கள், குழந்தைகளிடம் மணிகள் தெரியும் தொடக்க நிலை டி.எஃப். கீறிக் கீறிக் கருவிழி வெளுத்துப் போன பிறகு பார்வை திரும்புவதில்லை. உலகில் சுமார் 19 லட்சம் பேர் இப்படிப் பார்வையை முழுதாகவோ ஓரளவோ இழந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர்கள் பெண்கள் என்பதால், அவர்கள் பார்வையிழப்பது ஆண்களைவிட நான்கு மடங்கு வரை கூடுதல்.

இதற்கான வழி 1990களிலேயே தெரிந்துவிட்டது. சேஃப் என்று பெயர். மடிந்த இமைக்கு அறுவை சிகிச்சை, ஊர் முழுவதற்கும் ஆன்டிபயாட்டிக், முகச் சுத்தம், தண்ணீரும் கழிப்பறையும் உள்ள சுற்றுப்புறம் என நான்கு பகுதிகள். 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் ஒரு கூட்டணி அமைந்தது. 2020க்குள் நோயை நீக்குவது அதன் இலக்கு. இலக்கு தவறி, இப்போது 2030 என்று தள்ளிப்போயிருக்கிறது. வழி தெரிந்த பிறகும் ஏன் இன்னும் ஆய்வு, அதுவும் ஏன் பல நாடுகள் சேர்ந்து? எந்த மாவட்டத்தில் நோய் எவ்வளவு, எத்தனை ஆண்டு மருந்து கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்தலாம், நிறுத்தியபின் திரும்பி வந்தால் எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கு எந்த நாடும் தனியாக விடை காண முடியவில்லை என்பதால்தான்.

"நீக்கம்" என்றால் என்ன?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பெரியம்மையைப் போல உலகில் கிருமியே இல்லாமல் செய்வது ஒழிப்பு. ட்ரக்கோமாவில் யாரும் அதைக் கேட்கவில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோயை நீக்குவதே இலக்கு. அதற்கு மூன்று நிபந்தனைகள். 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் டி.எஃப். 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில், சுகாதாரத் துறைக்குத் தெரியாத டி.டி. 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இனி புதிதாக வரும் டி.டி. நோயாளிகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் ஏற்பாடு நாட்டில் இருக்க வேண்டும். நோய் இருந்த ஒவ்வொரு மாவட்டமும் முதல் இரண்டையும் தனித்தனியாகத் தாண்டியாக வேண்டும். நாட்டின் சராசரி நன்றாக இருந்து பயனில்லை.

முதல் நிபந்தனை மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவே உதாரணம். 2014–17 தேசியக் கணக்கெடுப்பில் பிள்ளைகளிடம் நோய் மிகக் குறைவு என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் 2021 முதல் 2024 வரை 200 மாவட்டங்களில் டி.டி.யை மட்டும் தேடும் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதன் பின்னரே, 2024 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது. இந்த அங்கீகாரத்தை முதலில் பெற்ற நாடு ஓமன், 2012இல். 2025க்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் பெற்றுவிட்டன.

ஒரே அளவுகோல்

2012க்கு முன் சந்தேகத்துக்குரிய பல மாவட்டங்களில் நோய் இருக்கிறதா என்பதே தெரியாது. தெரிந்த இடங்களிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணியிருந்தார்கள். இதைத் தீர்க்க 2012 டிசம்பரில் உலக ட்ரக்கோமா வரைபடத் திட்டம் எத்தியோப்பியாவில் தொடங்கியது. சைட்சேவர்ஸ் தொண்டு நிறுவனம் முன்னின்று நடத்த, பிரிட்டன், அமெரிக்க அரசுகள் நிதி தந்தன. 2016 ஜனவரிக்குள் 29 நாடுகளில் 26 லட்சம் பேரின் இமைகளைத் திருப்பிப் பார்த்து முடித்தார்கள். சராசரியாக 40 வினாடிக்கு ஒருவர். பதிவெல்லாம் தாளில் இல்லை, ஆண்ட்ராய்டு போனில். அதே முறையை 2016 முதல் டிராப்பிக்கல் டேட்டா என்ற பொதுச் சேவை தொடர்கிறது.

ஒரு கணக்கெடுப்பை அருகில் நின்று பார்ப்போம். ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் வரை மக்கள் உள்ள பகுதி ஓர் அலகு. டி.எஃப். 10 சதவீதம் இருக்கலாம் என்று எண்ணி, விடை மூன்று புள்ளி கூடவோ குறையவோ இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கணக்குப்படி 384 பிள்ளைகளைப் பார்த்தால் போதும். ஆனால் ட்ரக்கோமா ஊர் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. ஒரு வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டிலும் இருக்கும். ஒரே தெருவில் முப்பது பிள்ளைகளைப் பார்ப்பது முப்பது தனித்தனித் தகவல் ஆகாது. அதனால் 384ஐ 2.65ஆல் பெருக்குகிறார்கள்: 1,018. சிலர் ஊரில் இருக்க மாட்டார்கள், சிலர் மறுப்பார்கள் என்று அதோடு இன்னும் 20 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,222 பிள்ளைகள். இருபது முப்பது ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஊருக்கு ஏறக்குறைய முப்பது வீடு போனால் இந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். பரிசோதகர் 2.5 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் அணிந்திருப்பார். ஒருவரைப் பார்த்து முடித்ததும் கையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர். பதிவாளர் அருகிலிருந்து போனில் ஏற்றுவார்.

பிசகுவது எங்கே? பள்ளி நேரத்தில் போனால் பெரிய பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள். சிறு பிள்ளைகளிடம்தான் டி.எஃப். அதிகம் என்பதால் விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும். அதனால் வயதுவாரியாகத் திருத்திய பிறகே எண்ணை வெளியிடுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்குப் போவது இன்னொரு பிழை. வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களாகவே பொறுக்கியது போல ஆகிவிடும். பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி போவதுதான் சரி.

எல்லாவற்றிலும் கடினமானது பரிசோதகரின் கண். தேர்ச்சிக்கு 50 பிள்ளைகளை அவரும் பயிற்சியாளரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவர் விடையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காப்பா என்ற எண்ணால் அளப்பார்கள், 0.7க்குக் குறைந்தால் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள். வெறும் சதவீதத்தால் ஏன் அளக்கக் கூடாது? ஐம்பதில் 5 பிள்ளைகளுக்கு நோய் என்கிறார் பயிற்சியாளர். பயில்பவரும் 5 பேரைச் சொல்கிறார், ஆனால் அவர்களில் 2 பேர் மட்டும்தான் பொதுவானவர்கள். இருவரும் "இல்லை" என்ற 42 பேரையும் சேர்த்தால் 44 இடத்தில் ஒத்துப்போகிறது: 88 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஐந்து பேரைச் சொல்லியிருந்தாலே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தால், காப்பா 0.33தான். மூன்று நோயாளிகளைத் தவறவிட்டு, நோயில்லாத மூவரை நோயாளியாக்கியவர் தேர்ச்சி பெறக் கூடாது.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், அந்த எண்ணைப் பொறுத்தே மருந்து போகிறது. டி.எஃப். 5 முதல் 9.9 சதவீதம் என்றால் ஒரு சுற்று மருந்து, பிறகு மறுகணக்கெடுப்பு. 10 முதல் 29.9 வரை என்றால் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சுற்று. 30ஐத் தாண்டினால் ஐந்து. உண்மையில் 8 சதவீதம் உள்ள இடத்தைக் கைபழகாத பரிசோதகர் 11 என்று எண்ணிவிட்டால், இரண்டு லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் 80 சதவீதம் பேருக்கு மருந்து சேர்ந்தாலும் 3,20,000 டோஸ் தேவையில்லாமல் போகும். மாறாக 11ஐ 4 என்று எண்ணிவிட்டாலோ மருந்தே வராது. இரண்டாவது பிழைதான் கொடியது. அந்தப் பிள்ளைகளின் இமைகள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மடியும்போதுதான் அது வெளியே தெரியும்.

நோய் குறையக் குறைய இன்னொரு சிக்கல் வருகிறது. பயிற்சிக்குக் காட்டவே நோயுள்ள பிள்ளைகள் கிடைப்பதில்லை. அப்போது படங்களைக் காட்டிப் பழக்குவார்கள், அல்லது நோய் இன்னும் இருக்கும் இன்னொரு நாட்டுக்குப் பரிசோதகர்களை அனுப்புவார்கள். ஒத்துழைப்பு என்பது இங்கே ஒரு விமான டிக்கெட்.

தரவு யாருடையது?

பல நாடு சேரும் ஆய்வுகள் முறிவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். டிராப்பிக்கல் டேட்டாவின் ஏற்பாட்டில் தரவு அந்தந்த நாட்டின் சுகாதார அமைச்சகத்துக்குச் சொந்தம். அமைச்சகம் கேட்டால்தான் கணக்கெடுப்பே நடக்கும். பிழை திருத்தம் ஓரிடத்தில் நடக்கிறது, ஆனால் அமைச்சகம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிவு வெளியாகும். சுற்றிவளைத்தது போலத் தோன்றலாம். ஆனால் தன் எண் என்று அமைச்சகம் நம்பினால்தான் அடுத்த நாள் அதை வைத்து மருந்து கேட்கும். வெளியார் வந்து எண்ணி, பத்திரிகையில் போட்டுவிட்டுப் போன எண் எந்த மருந்துக் கிடங்கையும் திறக்காது.

மருந்து வரும் வழி

மருந்து அசித்ரோமைசின். 1998இல் தொடங்கிய சர்வதேச ட்ரக்கோமா முனைப்பு என்ற அமைப்பின் வழியாக ஃபைசர் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. இதுவரை நூறு கோடி டோஸுக்கு மேல் போயிருக்கிறது. நாடுகள் கணக்கெடுப்பு எண்ணோடு விண்ணப்பிக்கும், நிபுணர் குழு பார்த்து அனுமதிக்கும், பிறகு தயாரிப்பு, கப்பல், சுங்கம். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தாலும் மழைக்காலம் வந்து சாலை மூடிவிடும். மருந்தின் காலாவதித் தேதி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

களத்தில் எடை பார்க்கும் தராசு கிடையாது. கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதிகபட்சம் 1 கிராம் என்பது அளவு. இதை உயரத்துக்கு மாற்றி, கோடு போட்ட ஒரு கம்பை நிறுத்தி, பிள்ளை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அவ்வளவு கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு. சிறு பிள்ளைகளுக்குச் சிரப். அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருந்தை வாய்வழி கொடுக்காமல், டெட்ராசைக்ளின் 1 சதவீதக் கண்களிம்பை நாளைக்கு இருமுறை, ஆறு வாரம் போட வேண்டும். ஆறு வாரம் விடாமல் போடும் தாய்மார் குறைவு என்பதும் களத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே.

சேர்ந்து கேட்ட கேள்விகள்

எண்ணுவது பாதி வேலை. மற்ற பாதி, ஊர்களைக் குலுக்கலில் பிரித்து வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. எத்தியோப்பியாவில் நடந்த டானா ஆய்வு, மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பதா இருமுறையா என்று கேட்டது. மூன்றரை ஆண்டுக்குப் பின் இரண்டிலும் தொற்று பெரிதும் குறைந்திருந்தது, இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த ஊர்களில், மருந்தே சாப்பிடாத பெரியவர்களிடமும் தொற்று குறைந்தது. மருந்தை நிறுத்திப் பார்த்தபோது தொற்று திரும்ப ஏறியது. கடைசி முடிவுதான் கசப்பானது.

ஒரே நாட்டு விடை எல்லா நாட்டுக்கும் பொருந்துமா? அதற்காகத்தான் பிரெட் என்ற ஆய்வை நோய் குறைந்த காம்பியாவிலும், நைஜர், தான்சானியாவிலும் ஒரே வரைமுறையில் நடத்தினார்கள். நைஜர், மலாவி, தான்சானியா மூன்றிலும் சேர்ந்து நடந்த மார்டார் ஆய்வு கண்ணைத் தாண்டிப் போனது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை அசித்ரோமைசின் கொடுத்த ஊர்களில் குழந்தை மரணம் 13.5 சதவீதம் குறைவு என்று 2018இல் வெளியிட்டது. அதே ஆய்வுகளின் வழியாகத்தான், வேறு கிருமிகளில் மருந்து எதிர்ப்பு கூடுவதையும் கண்காணிக்கிறார்கள்.

எதிர்பார்த்த விடை வராத ஆய்வுகளையும் சொல்லியாக வேண்டும். எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் 40 சமூகங்களை எடுத்து, பாதிக்குத் தண்ணீர் வசதி, கழிப்பறை, முகம் கழுவும் பழக்கம் எல்லாவற்றுக்கும் உழைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கிருமித் தொற்றில் குறைவு தெரியவில்லை. முகம் கழுவுவதால் பயனில்லை என்று இதைப் படிப்பது தவறு. அந்த அளவு தண்ணீர், அந்த அளவு பழக்கமாற்றம், அவ்வளவு நோய் மிகுந்த இடத்துக்குப் போதவில்லை என்பதுதான் பொருள். காம்பியாவில் 2004இல் வெளியான ஆய்வு ஒரு குறிப்பைத் தருகிறது. ட்ரக்கோமாவைச் சுமக்கும் ஈ, திறந்த மண்ணில் கிடக்கும் மனித மலத்தில்தான் முட்டையிட விரும்பும். குழிக் கழிப்பறைக்குள் பெருகாது. பூச்சிமருந்து தெளித்த ஊர்களில் பிள்ளைகளின் கண்ணில் மொய்க்கும் ஈக்கள் 88 சதவீதமும், கழிப்பறை கட்டிய ஊர்களில் 30 சதவீதமும் குறைந்தன. கட்டிய கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்துகிறார்களா, கைக்குழந்தையின் மலம் எங்கே போகிறது என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவது ஈயை ஏமாற்றாது.

பசிபிக் புதிர்

ஒப்பிடாவிட்டால் எவ்வளவு தவறியிருப்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சாலமன் தீவுகளில் மருந்தே கொடுத்திராத பகுதியில் பிள்ளைகளில் 26 சதவீதம் பேருக்கு டி.எஃப். இருந்தது. விதிப்படி ஊர் முழுவதற்கும் மருந்து. ஆனால் அதே பிள்ளைகளின் இமையைப் பஞ்சால் துடைத்துக் கிருமியின் மரபணுவைத் தேடினால், 1.3 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. முதியவர்களிடம் மடிந்த இமையும் அரிது. பசிபிக்கிலேயே உள்ள இன்னொரு தீவு நாடான கிரிபாட்டியிலோ மணிகளும் உண்டு, கிருமியும் உண்டு, தழும்பும் உண்டு. பார்வைக்கு ஒரே மணிகள், அடியில் வெவ்வேறு கதை. எல்லா இடத்திலும் ஒரே வரைமுறையில் பார்த்திருந்ததால்தான் இந்த வித்தியாசத்தை அளவுப் பிழை என்று ஒதுக்க முடியவில்லை.

இதிலிருந்துதான் கிருமிச் சோதனையும், கிருமியின் பி.ஜி.பி.3 என்ற புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை இரத்தத் துளியில் தேடும் சோதனையும் கணக்கெடுப்புக்குள் வந்தன. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைத் தாளில் உலர்த்தி அனுப்பினால் போதும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை போகப் போக அந்தப் புரதமுள்ள பிள்ளைகளின் விகிதம் ஏறிக்கொண்டே போனால், அங்கே தொற்று இப்போதும் நடக்கிறது. ஏறாமல் தட்டையாக இருந்தால், இந்தப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஊரில் தொற்று ஏறக்குறைய நின்றுவிட்டது.

மீதமிருப்பது

2002இல் 150 கோடிப் பேர் ஆபத்துள்ள பகுதிகளில் இருந்தார்கள். 2024இல் அது 10 கோடிச் சொச்சம். மீதியில் பாதிக்கு மேல் எத்தியோப்பியாவில். பத்தாண்டுக்கு மேல் மருந்து கொடுத்தும் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்காத மாவட்டங்கள் அங்கே உண்டு. ஒரு சுற்றைப் பல டோஸாகப் பிரித்துக் கொடுக்கலாமா, பிள்ளைகளுக்கு மட்டும் அடிக்கடி கொடுக்கலாமா என்ற ஆய்வுகள் அந்த மாவட்டங்களுக்காகத்தான். அதே நேரம் 2025இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி சுருங்கியதால் கணக்கெடுப்புகளுக்கும் மருந்து விநியோகத்துக்கும் இருந்த பெரிய நிதியாதாரம் ஆட்டம் கண்டிருக்கிறது. மருந்து இலவசமாக இருந்தாலும், கிடங்கிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டும்.

டி.எஃப். இறங்கிய மாவட்டத்தில் மருந்தை நிறுத்தி, இரண்டு ஆண்டு காத்திருந்து, மறுபடி எண்ணுகிறார்கள். அப்போதும் 5க்குக் கீழே என்றால் மருந்து வேலை முடிந்தது. டி.டி. வேலை முடியவில்லை. தழும்பேறிய இமைகள் தொற்று நின்ற பின்னும் பல ஆண்டுகள் மடிந்துகொண்டே இருக்கும். அறுவை செய்த இமையிலும் சிலருக்கு முடி மறுபடி திரும்பும். அறுவையோடு ஒரு டோஸ் அசித்ரோமைசின் கொடுத்தால் அது குறைகிறது என்று எத்தியோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அறுவை வேண்டாம் என்று மறுத்தவர், அறுவைக்குப் பிறகும் முடி திரும்பியவர், தேதி கொடுத்துக் காத்திருப்பவர் மூவரும் "சுகாதாரத் துறைக்குத் தெரிந்தவர்கள்" என்ற கணக்கில் வருவார்கள். ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் பெயர், எந்தக் கண், எந்தத் தேதியில் பார்த்தது, என்ன சொன்னார், மறுபடி எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று ஐந்து கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். அங்கீகாரக் கோப்பைத் தயாரிக்கும் நாடுகள் கடைசியாகத் தேடி அலைவது பெரும்பாலும் அந்தப் பதிவேட்டைத்தான்.